செட்டாப் பாக்ஸில் பதிவு செய்ததைக் கணினிக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: அம்மா கலந்துகொண்ட டிவி நிகழ்ச்சியை செட்டாப் பாக்ஸில் ஹார்டு டிஸ்க் செருகிப் பதிவு செய்தேன். டிவியில் நன்றாக ஓடுகிறது. கணினியில் செருகினால் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது. இதை வீடியோ ஃபைலாக மாற்ற முடியுமா?

முதலில் ஒன்று, தயவுசெய்து ஃபார்மேட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். டிஸ்க் கெட்டுப்போகவில்லை. பல பாக்ஸ்கள் கணினிக்குப் புரியாத முறையில் டிஸ்க்கை அமைத்து, பதிவையும் பூட்டித்தான் எழுதுகின்றன. அந்தப் பூட்டின் சாவி அந்த ஒரு பாக்ஸுக்குள் இருக்கிறது, அதனால் அதே மாடலில் வேறொரு பாக்ஸ் வாங்கிச் செருகினாலும் பெரும்பாலும் ஓடாது. பாக்ஸ் பழுதானால் பதிவும் போச்சு. ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஹெச்டிஎம்ஐ வழியாக எடுக்கலாமே என்று தோன்றும். அதில் ஹெச்டிசிபி என்ற நகலெடுப்புத் தடுப்புக் காப்பு இருப்பதால் கேப்சர் கார்டில் (வெளியிலிருந்து வரும் படத்தைக் கணினியில் பதிவு செய்ய உதவும் கருவி) பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும். பாக்ஸின் பின்னால் ஏவி அவுட் (படமும் ஒலியும் வெளியே வரும் பழைய வகைத் துளைகள்) இருக்கிறதா பாருங்கள், அதுதான் உங்களுக்கு நேர்வழி. ஏவி உள்ளீடு உள்ள யுஎஸ்பி கேப்சர் கருவி ஒன்று வாங்கி மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைச் செருகி, பாக்ஸில் நிகழ்ச்சியை ஓடவிட்டு, கணினியில் ஓபிஎஸ் ஸ்டூடியோ (OBS Studio) என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. பாக்ஸில் ஹெட்ஃபோன் துளை மாதிரி 3.5 மிமீ ஏவி துளை மட்டும் இருந்தால் கவனம்: அந்த வயரின் உள்ளிணைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மஞ்சளில் படம் வராமல் இரைச்சல் மட்டும் வந்தால் சிவப்பை மஞ்சள் இடத்தில் செருகிப் பாருங்கள், அப்போதும் வராவிட்டால் அந்த பாக்ஸுக்கென்றே உள்ள வயரைத் தேடுவதுதான் வழி.

அப்புறம் செட்டிங். பால் (PAL) என்ற டிவி முறையில் வரும் படம் 720×576, நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு அரைப்படங்களாகப் பின்னப்பட்டு வருவதால், அம்மா கையை அசைக்கும் இடத்தில் விரல்களின் ஓரம் சீப்புப் பல் போலக் கிழிந்து தெரியும். ஓபிஎஸ்ஸில் அந்த வீடியோ சோர்ஸை ரைட் கிளிக் செய்து டீஇன்டர்லேசிங்கில் (Deinterlacing, இந்தச் சீப்புப் பல்லைச் சரிசெய்யும் வசதி) யாடிஃப் 2எக்ஸ் (Yadif 2x) தேர்ந்தெடுத்து, ஃபிரேம் வேகத்தை 50 என்று வையுங்கள், அசைவு டிவியில் பார்த்த மாதிரியே வழுக்கிக்கொண்டு போகும். முகங்கள் ஒல்லியாக நீண்டு தெரிந்தால் அது அகலத்திரைப் படம், 1024×576க்கு இழுத்துவிட்டால் சரியாகிவிடும்.

எம்கேவி (MKV) வகை ஃபைலாகப் பதிவு செய்யுங்கள். வழக்கமான எம்பி4 ஃபைலின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும், நடுவில் கரன்ட் போனால் மொத்தமும் திறக்காமல் போகலாம். எம்கேவியில் அதுவரை பதிவானது தப்பித்துவிடும், பிறகு ஓபிஎஸ்ஸிலேயே தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். கணினியின் ஸ்லீப்பை அணைத்து வைக்க மறக்காதீர்கள்.

உண்மையைச் சொன்னால், ஹெச்டி பதிவு இந்த வழியில் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். ஆனாலும் எந்தக் கணினியிலும் ஓடும் ஃபைல் கையில் இருப்பது, பாக்ஸுக்குள் சிறைப்பட்ட ஹெச்டியைவிட எனக்கு எவ்வளவோ மேல்.

இனிமேல் பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால், அந்தச் சேனல் பூட்டில்லாமல் இலவசமாக ஒளிபரப்பாகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் அந்த ஒளிபரப்பு முறைக்கு ஏற்ற டிவி ட்யூனரைக் கணினியில் செருகி, வரும் சிக்னலை அப்படியே டிஎஸ் (TS) வகை வீடியோ ஃபைலாக எழுதிக்கொள்ளலாம். மறுபடி சுருக்குவதே இல்லை என்பதால் தரம் துளியும் போகாது. நொடிக்கு 8 மெகாபிட் வரும் சேனல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3.6 ஜிபி பிடிக்கும். எழுதும் டிஸ்க் ஃபேட்32 (FAT32) முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டது என்றால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் எக்ஸ்ஃபேட்டோ என்டிஎஃப்எஸ்ஸோ உள்ள டிஸ்க்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கையில் இருக்கும் பதிவை எடுத்து முடித்ததும், ஃபைலின் கடைசிப் பத்து நிமிடத்தை ஓடவிட்டு உதட்டசைவும் குரலும் ஒட்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பாக்ஸில் உள்ளதை அழியுங்கள்.