பாலீர்ப்பு மாறுமா? 'ஹோமோ' என்றால் மனிதனா?

"ஹோமோ சேப்பியன்ஸில் இருக்கும் 'ஹோமோ'தானே ஹோமோசெக்ஷுவலிலும் இருக்கிறது? அப்படியானால் மனிதரின் பாலீர்ப்பே இயல்பில் நெகிழ்வானதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சொல். சேப்பியன்ஸோடு வருவது லத்தீன். மனிதன் என்று பொருள். மற்றது கிரேக்க 'ஹோமோஸ்', அதாவது 'ஒரே மாதிரி'. பால் பாக்கெட்டில் 'ஹோமோஜினைஸ்டு' என்று போட்டிருப்பார்களே, அதே ஹோமோதான்! 'ஹோமோசெக்ஷுவல்' என்பது 1869இல் ஹங்கேரிய எழுத்தாளர் கெர்ட்பெனி ஜெர்மன் மொழியில் அச்சேற்றிய சொல். கிரேக்கத் தலை, லத்தீன் வால்.

சரி, நெகிழ்வு? லிசா டயமண்ட் என்ற உளவியலாளர் சில பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பலர் தங்கள் பாலீர்ப்பைக் குறிக்கும் பெயரை இடையில் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் பெரும்பாலான மனிதருக்கு ஈர்ப்பு ஓரளவு நிலையாகவே இருக்கிறது. தானாக மாறுவதை வைத்து, சிகிச்சையால் மாற்றிவிடலாம் என்று வாதிடுவது அபத்தம். டயமண்டே அதை மறுத்திருக்கிறார்.