பல் மருத்துவம் படித்த மகளுக்கு கிளினிக்: டென்டல் சேர் வாங்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: மகள் பி.டி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். எங்கள் தாலுகா ஊரிலேயே கிளினிக் வைத்துக் கொடுக்க, வீட்டை அடமானம் வைத்து 15 லட்சம் வாங்கலாமா?

பதில்: ஐயா, கிளினிக் வைக்கலாம். ஆனால் இந்த வருடம் வேண்டாம், வீட்டையும் அடமானம் வைக்க வேண்டாம்.

முதலில் கூட்டம் வரும் ஒரு கிளினிக்கில் இரண்டு வருடம் வேலை பார்க்கட்டும். கடைவாய்ப் பல்லுக்குத் தனியாக ரூட் கெனால் செய்யக் கை பழக வேண்டும். கேப், பல்செட் செய்து தரும் லேபின் பில் எப்படி வருகிறது, எந்தப் பொருள் எவ்வளவு நாளில் தீர்கிறது என்பதும் அங்கேதான் பிடிபடும்.

பிறகு கணக்கு. மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. 11 சதவீத வட்டி, 5 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 21,750 ரூபாய். வாடகை 15,000, இரண்டு பேர் சம்பளம் 22,000, கரண்ட் 5,000, சில்லறைச் செலவு 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து வைக்கவே மாதம் 66,750 ஆகிறது. மகளுக்கு 30,000 சேர்த்தால் 96,750. வசூலாகும் நூறு ரூபாயில் முப்பது மருந்து, பொருள், லேப் என்று போய்விடும். ஆகவே மாத வசூல் 1,38,000-ஐத் தாண்ட வேண்டும். ஒரு வருகைக்குச் சராசரி 600 ரூபாய், மாதம் 25 வேலைநாள் என்றால், தினமும் 9 முதல் 10 பேர் வர வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று பேர்தான் வருவார்கள். அதனால் ஆறு மாதச் செலவு, அதாவது 4 லட்சம், தொடாத பணமாகக் கையில் இருக்க வேண்டும். நல்ல கைராசி உள்ள டாக்டர்கள்கூடக் கடையை மூடுவது பெரும்பாலும் இந்தப் பணம் இல்லாமல்தான்.

உள் அலங்காரத்துக்குச் செலவழித்துவிட்டு, பல்லைக் குடையும் கருவியான ஹேண்ட்பீஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய ஹேண்ட்பீஸைக் கழுவி, எண்ணெய் விட்டு, உறையிலிட்டு, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்து எடுக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். குறைந்தது நான்கு இல்லையென்றால், மாலைக் கூட்டத்தில் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த வாயில் வைக்கும் நிலை வரும். அது நோயைப் பரப்பும் வேலை, ஒருநாளும் கூடாது. ஹேண்ட்பீஸுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரின் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் இரவில் வடித்துவிட வேண்டும். அந்த ஈரம் காற்றோடு உள்ளே புகுந்தால் ஹேண்ட்பீஸின் பேரிங் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வருமானம் நழுவும் இடம் வேறு. ரூட் கெனாலில் முதல் தடவையே வலி நின்றுவிடும், ஆள் திரும்ப வரமாட்டார். கேப் போடாத பல் சில மாதத்தில் உடையக்கூடும், பழி டாக்டர் மேல் விழும். பல்லுக்கும் நல்லதில்லை, பெயருக்கும் நல்லதில்லை. எத்தனை தடவை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு என்பதை முதல் நாளே தாளில் எழுதிக் கொடுத்து, பாதிப் பணம் வாங்கிவிட வேண்டும். பாதியில் நிற்பவர்களுக்கென்று ஒரு நோட்டு போட்டு, உதவியாளர் வாரம் ஒருமுறை போன் செய்யட்டும். நோட்டீஸ் அச்சடிப்பதைவிட இந்த நோட்டு அதிகம் சம்பாதித்துத் தரும். நோயாளி அனுப்புகிறவருக்குக் கமிஷன் தருவது பல் மருத்துவ நெறிமுறைப்படி குற்றம்; அந்தப் பேச்சே வேண்டாம்.

நேரம் மாலை 5 முதல் 9 வரை இருக்கட்டும். காலையில் அரசு மருத்துவமனையிலேயே ஓ.பி. இருக்கும்.

தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு, மருத்துவ நிறுவனப் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மருத்துவக் கழிவு அனுமதி, எக்ஸ்ரே வைத்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியப் பதிவு ஆகியவை திறப்பு விழாவுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கக் கூடாது. எடுத்துச் செல்லும் வண்டி உங்கள் தெருவுக்கு வருமா என்று கேட்டுவிட்டு இடம் பாருங்கள்.

இடம் கிடைத்ததும் வழக்கமான 11 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சேருக்குத் தண்ணீர், கழிவுநீர், காற்று மூன்றுக்கும் தரையை வெட்டித்தான் குழாய் பதிக்க வேண்டும். காலி செய்யச் சொன்னால் அந்தச் செலவு தரையோடு போகும். 5 வருடத்துக்கு எழுதிப் பதிவு செய்யுங்கள். தரையை வெட்ட உரிமையாளரின் சம்மதத்தையும், வருடா வருடம் வாடகை எவ்வளவு ஏறும் என்பதையும் அதிலேயே சேருங்கள்.