கப்பல் தெரியாதவர் கப்பற்படைத் தளபதியைத் திருத்தலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். என் தங்கை மகன் தமிழ் விக்கிப்பீடியாவுக்காக, 1783ல் நம் ஊர்க் கடலில் சண்டை போட்ட சுஃப்ரென் என்ற பிரெஞ்சுத் தளபதியின் வாழ்க்கை வரலாற்றை நீளமாக எழுதியிருக்கிறான். “மாமா, தரம் எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டான். எனக்குக் கப்பலும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. சந்திப்பிழை திருத்துவதைத் தவிர நான் என்ன செய்ய முடியும்?

பதில்: முதலில் அந்தச் சிவப்புப் பேனாவை மூடி வையுங்கள் சார். ஒற்று மிகுமா மிகாதா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பாதிப் பத்தி போகப் போகிற கட்டுரையில் இப்போதே ஒற்றுப் போட்டு என்ன பயன்?

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பக்கங்களைப் புதுச்சேரியில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். பையனுக்கு எழுத்து நன்றாக வருகிறது. அதுதான் சிக்கலும். நன்றாக ஓடுகிற நடை, நடுவில் இருக்கும் ஓட்டையை மூடிவிடும். அதனால் வரிசையாகப் படிப்பதை விட்டுவிட்டு, ஒரு முழு வெள்ளைத்தாள் எடுத்துக் கோடு போடுங்கள். வருடம், வயது, பதவி, கப்பல், இடம், இதை யார் சொன்னது என்று ஆறு கட்டம். கட்டுரையில் உள்ள ஒவ்வொரு செய்தியையும் பிய்த்து எடுத்து அந்தக் கட்டங்களில் போடுங்கள். கடற்படை அதிகாரியின் வாழ்க்கை என்பது கிட்டத்தட்ட இந்த ஆறு கட்டம்தான். எந்த வருடம் எந்தப் பதவியில் எந்தக் கப்பலில் இருந்தார் என்பது ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். போகாத இடத்தில்தான் தவறு உட்கார்ந்திருக்கும். இதற்குக் கப்பல் தெரிய வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும்.

நான் போட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் பத்தியில் பிறப்பு 1726 என்று இருக்கிறது. மூன்றாம் பத்தியில், “பதினான்கு வயதிலேயே, 1743ல், கடற்படைப் பயிற்சியில் சேர்ந்தார்” என்கிறான். 1743ல் இருந்து 14ஐக் கழித்தால் 1729. இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். முதல் பத்தி ஏதோ ஒரு பழைய நூலிலிருந்து வந்திருக்க வேண்டும்; பழைய நூல்கள் சிலவற்றில் 1726 என்றுதான் இருக்கும். மூன்றாம் பத்தி பிந்தைய நூல் ஒன்றிலிருந்து வந்திருக்கும். இன்று ஏற்றுக்கொள்ளப்படும் பிறந்த நாள் 1729 ஜூலை 17. பழைய நூல்கள் காப்புரிமை தீர்ந்து இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் பலரும் அவற்றை அப்படியே ஒட்டி வைத்திருக்கிறார்கள். பையன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. 1729 என்று திருத்தி, பழைய நூல்கள் 1726 என்று சொல்வதை அடிக்குறிப்பில் போடச் சொல்லுங்கள்.

அடுத்து பதவிக் கட்டம். 1744ல் பிரான்சின் தூலோன் துறைமுகத்துக்கு அருகே கடற்சண்டை நடந்தபோது அவர் பயிற்சியில் இருந்த சின்னப் பையன். கட்டுரையோ அங்கேயே “அட்மிரல் சுஃப்ரென்” என்று தொடங்கி, கடைசிவரை அப்படியே இழுத்துக்கொண்டு போகிறது. அவருக்கு வைஸ் அட்மிரல் பதவி கிடைத்தது 1784ல், நம் கடலைவிட்டு ஊர் திரும்பிய பிறகு. அதுவும் அவருக்காகவே நான்காவதாக ஓர் இடம் புதிதாக உண்டாக்கிக் கொடுத்தது. அப்புறம், பெயருக்கு முன்னால் வரும் ‘பாயி’ என்ற பட்டத்தைப் பையன் கடற்படைப் பதவி என்று நினைத்துவிட்டான். அது மால்டாவின் வீரத்துறவியர் சபை கொடுத்த பட்டம். கடற்படைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி நம் ஊர்ச் சண்டை. இந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்: “1783 ஜூன் 20 அன்று தன் கொடிக்கப்பலான எரோவின் மேல்தளத்தில் வாளை உருவியபடி நின்ற சுஃப்ரென், ஆங்கிலேயக் கடற்படையைக் கடலூர்க் கடலில் அடியோடு அழித்தார்.”

கட்டத்தில் போடுங்கள். நாள் சரி. கப்பல் தப்பு. எரோ அவருடைய வழக்கமான கப்பல்தான். ஆனால் அன்று அவர் அதில் இல்லை. கிளியோபாத்ரா என்ற ஃப்ரிகேட்டில், அதாவது வேகமாக ஓடும் சிறிய போர்க்கப்பலில் இருந்து சண்டையை நடத்தினார். காரணமும் உண்டு. முந்தின வருடம் மேற்கிந்தியத் தீவுக் கடலில் தெ கிராஸ் என்ற பிரெஞ்சுத் தளபதி தன் பெரிய கப்பலோடு எதிரியிடம் பிடிபட்டார். அதன் பிறகு, தளபதிகள் சண்டையிடும் பெரிய கப்பல்களின் வரிசைக்கு வெளியே ஃப்ரிகேட்டில் இருந்து கட்டளையிட வேண்டும் என்று அரசர் தரப்பிலிருந்து உத்தரவு வந்தது. (தெ கிராஸ் பிடிபட்ட அதே 1782 ஏப்ரல் 12 அன்று, சுஃப்ரென் இலங்கையின் கிழக்குக் கரையில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸோடு மோதிக்கொண்டிருந்தார். பையன் இதைச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.) அந்த வாள் எங்கிருந்து வந்தது என்று அவனிடமே கேளுங்கள். ஏதோ ஒரு ஓவியத்திலிருந்து வந்திருக்கும்.

“அடியோடு அழித்தார்” என்பதும் நிற்காது. அன்று மாலை நான்கு மணி வாக்கில் தொடங்கி இருட்டும்வரை சுட்டுக்கொண்டார்கள். ஆங்கிலேயர் பக்கம் 18 பெரிய கப்பல், பிரெஞ்சுப் பக்கம் 15. ஒரு கப்பலும் மூழ்கவில்லை, ஒன்றும் பிடிபடவில்லை. அப்படியானால் ஜெயித்தது யார்? இங்கேதான் ஆறாவது கட்டம் வேலை செய்யும். கடலை மட்டும் பார்த்து எழுதுகிற ஆங்கில நூல்கள் ‘முடிவில்லாத சண்டை’ என்பார்கள். கரையைச் சேர்த்துப் பார்க்கிற பிரெஞ்சு நூல்கள் ‘வெற்றி’ என்பார்கள். கரையில் அப்போது ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட் கடலூரை முற்றுகை போட்டிருந்தார், உள்ளே பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி புஸ்ஸி மாட்டிக்கொண்டிருந்தார். புஸ்ஸி தன் படையிலிருந்து 1,200 பேரைக் கப்பல்களுக்குக் கொடுத்துத்தான் சுஃப்ரென் சண்டைக்கே போக முடிந்தது. சண்டைக்குப் பிறகு ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். ஸ்டூவர்ட்டுக்குக் கடல் பக்கத்து ஆதரவு போய்விட்டது. ஆகவே, “கப்பல் எதுவும் இழக்கப்படவில்லை, ஹியூஸ் விலகியதால் முற்றுகையிட்டவர்கள் கடல்வழி ஆதரவை இழந்தார்கள்” என்று எழுதினால் போதும். வெற்றி தோல்வியை வாசகர் முடிவு செய்துகொள்வார். விக்கிப்பீடியாவில் ‘நடுநிலை நோக்கு’ என்று ஒரு விதி சொல்வார்களே, அது இதுதான். இரண்டு பக்கத்தையும் சரிபாதியாகப் புகழ்வதல்ல.

ஒரே செய்தியை இரண்டு பக்கமும் எப்படிச் சொல்கிறார்கள் என்பதற்கு இன்னொன்று. 1782 ஜூலை 6, நாகப்பட்டினக் கடல். சுஃப்ரெனின் செவேர் என்ற கப்பலில் கொடி கீழே இறங்கியது. கொடி இறங்கினால் சரணடைந்ததாக அர்த்தம். பிறகு அதே கப்பலில் கொடி மறுபடி ஏறி, சுட ஆரம்பித்தது. ஹியூஸ் ஆளனுப்பி, “சரணடைந்த கப்பலைக் கொடு” என்று கேட்டார். சுஃப்ரென், கொடிக்கயிறு குண்டு பட்டு அறுந்தது என்று சொல்லித் தர மறுத்தார். கப்பலின் கேப்டனே கொடியை இறக்கச் சொன்னதாகவும், மற்ற அதிகாரிகள் ஒத்துக்கொள்ளாமல் ஏற்றியதாகவும் தெரிகிறது. பையனின் கட்டுரையில் ‘கயிறு அறுந்தது’ மட்டும்தான் இருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை, ஒரு பக்கத்தின் வார்த்தையைத் தன் வார்த்தையாக எழுதிவிட்டான். “என்று சுஃப்ரென் பதிலளித்தார்” என்று சேர்த்தால் சரியாகிவிடும். கட்டுரை முழுவதும் இந்த ஒரு வேலையைச் செய்தாலே தரம் ஒரு படி ஏறும்.

இல்லாததையும் பார்க்க வேண்டும். இது கொஞ்சம் கடினம், ஏனென்றால் இல்லாதது கண்ணில் படாது. தாளில் காலியாகக் கிடக்கும் வருடங்களைப் பாருங்கள். 1744க்குப் பிறகு கட்டுரை நேராக 1778க்குத் தாவுகிறது. முப்பத்துநான்கு வருடம் மனிதர் என்ன செய்தார்? அந்த இடைவெளியில் 1747ல் ஒரு முறை, 1759ல் ஒரு முறை என்று இரண்டு தடவை ஆங்கிலேயரிடம் கைதியாகியிருக்கிறார். நாயகன் சிறைப்பட்டதை எழுத மனம் வரவில்லை போலிருக்கிறது. அதேபோல 1781 ஏப்ரலில் போர்த்தோ பிராயாவில் ஆங்கிலக் கப்பல்களைத் தாக்கினார் என்று இருக்கிறது. அந்தத் துறைமுகம் சண்டையில் சேராத போர்ச்சுகலுக்குச் சொந்தமானது என்பது இல்லை. அதைச் சொல்லாமல் அந்தச் சண்டையைச் சொல்வது பாதிச் செய்தி.

எனக்கு ரொம்பப் பிடித்த பிழை படத்துக்கு அடியில் இருக்கிறது. “சுஃப்ரெனும் ஹைதர் அலியும் சந்திக்கிறார்கள், 1783.” ஹைதர் 1782 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். சந்திப்பு நடந்தது 1782 ஜூலையில், கடலூர்ப் பக்கத்தில். படம் வெளிவந்தது 1789ல், சுஃப்ரென் இறந்த மறு வருடம். ஆக, இது நேரில் பார்த்து வரைந்ததல்ல என்பதையும் குறிப்பில் சொல்ல வேண்டும். கட்டுரையை மூன்று முறை படிக்கிறவர்களும் படக்குறிப்பைப் படிக்க மாட்டார்கள், நீங்கள் படியுங்கள்.

கட்டுரையில் இருக்கும் இரண்டு கதைகளை என்ன செய்வது என்றும் பார்க்க வேண்டும். கடலூர் முற்றுகையில் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட ஒரு பிரெஞ்சு சார்ஜன்ட் பெர்னதோத் என்றும், அவர்தான் பிறகு சுவீடனுக்கு அரசரானார் என்றும் சொல்வது ஒன்று. சுஃப்ரென் 1788 டிசம்பரில் வாள் சண்டையில் குத்துப்பட்டு இறந்தார் என்பது மற்றொன்று. முதல் கதை நம் ஊருக்குப் பெருமை, விட மனம் வராது. ஆனால் அதை வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. இரண்டாவது, அவரிடம் வேலை பார்த்த ஒருவர் பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்னதாக வந்தது. உடல்நலக் குறைவால் இறந்தார் என்பதே அன்று சொல்லப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி, யார் சொன்னது எப்போது சொன்னது என்பதோடு. தனித் தலைப்பெல்லாம் வேண்டாம்.

புகழ்ச்சிச் சொற்களையும் துரத்துங்கள். “ஒப்பற்ற போர் மேதை” என்று ஐந்து இடத்தில் எண்ணினேன். இந்தப் புகழ்ச்சியில் பெரும்பகுதி அமெரிக்கக் கடற்படை அதிகாரி மஹான் 1890ல் எழுதியதிலிருந்து கிளம்பியது. மஹான் இப்படி மதிப்பிட்டார் என்று ஒரு முறை சொன்னால் அது செய்தி. ஐந்து முறை நாமே சொன்னால் மேடைப் பேச்சு.

சான்றுகளைப் பொறுத்தவரை, எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். பன்னிரண்டு இணைப்பு இருக்கிறது. அதில் நான்கைத் திறந்தால் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை, வாக்கியம்கூட மாறவில்லை. ஓர் இணைப்பு 1758 கடலூர்ச் சண்டைக்குப் போகிறது. அது ஆங்கிலேயத் தளபதி போகாக்கும் பிரெஞ்சுத் தளபதி தஷேவும் மோதியது; சுஃப்ரெனுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நல்ல நூல் வேண்டுமானால் பையனை ஒரு நாள் பஸ் ஏற்றி இங்கே அனுப்புங்கள். ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது, பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் நூலகம் இருக்கிறது. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் பழைய பிரெஞ்சு நூல்கள் இலவசம். பெயரும் தேதியும் கப்பலும் சரிபார்க்கப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழிலும் ஒன்று உண்டு: புதுச்சேரியில் வாழ்ந்த இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பு, 1778 முதல் 1792 வரை. சுஃப்ரென் இங்கே இருந்த காலம் முழுவதும் அதற்குள் வருகிறது. தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவன் அதைப் புரட்டாமல் விடுவது சரியல்ல. இங்கே சுஃப்ரென் வீதியில் நடந்துவிட்டு, அவர் புதுச்சேரியைக் காப்பாற்றினார் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். 1778லேயே புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அதனால்தான் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கடலூர் தேவைப்பட்டது.

ஆங்கில விக்கிப்பீடியாவின் இராணுவ வரலாற்றுக் குழு, கட்டுரைக்குத் தரம் கொடுக்க ஐந்து விஷயம் பார்க்கும்: சான்று, முழுமை, அமைப்பு, மொழி, படம் போன்ற துணைப் பொருள்கள். நல்ல அளவுகோல்தான். ஆனால் வாளை உருவி நின்ற அந்த வரி ஐந்திலும் தேறிவிடும், ஓர் இணைப்பை மட்டும் ஒட்டிவிட்டால். இணைப்பைத் திறந்து, அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கிற ஆள்தான் தேவை. கட்டுரைக்கு மூன்று இணைப்பாவது அப்படித் திறந்துவிடுங்கள், கனமான வரிகளாகப் பார்த்து.

கப்பல் தெரியாது என்றீர்களே, அதற்கும் வழி உண்டு. கட்டுரையில் காற்று பற்றி ஒரு சொல்கூட இல்லை. பாய்மரக் கப்பல் சண்டையைக் காற்று இல்லாமல் எழுதுவது, ஆற்றைச் சொல்லாமல் கெடிலத்து வெள்ளத்தை எழுதுவது மாதிரி. அன்று அடித்தது மேற்குக் காற்று. மேற்கே கரை, கிழக்கே கடல். கரைப் பக்கம் இருந்த சுஃப்ரென் காற்றுக்கு மேலே இருந்தார்; எப்போது நெருங்குவது என்பது அவர் கையில் இருந்தது. அக்டோபர் வந்தால் இரண்டு கப்பற்படையும் ஏன் காணாமல் போகின்றன, ஒதுங்க இடம் தரும் திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஏன் அத்தனை அடிதடி என்பதற்கும் இதே பதில்தான்: வாடைக்காற்றுக் காலத்தில் நம் திறந்த கரையில் நங்கூரம் போட்டு நிற்க முடியாது. 1782 இறுதியில் ஹியூஸ் பம்பாய்க்கும் சுஃப்ரென் சுமத்ராவின் அச்சேவுக்கும் போனார்கள். பையனை ஒரு ஜூன் மாதத்து மாலையில் தேவனாம்பட்டினம் கரைக்கு அழைத்துப் போய், கச்சான் அடித்தால் எந்தப் பக்கத்துப் படகுக்கு வசதி என்று வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் யாரிடமாவது கேட்கச் சொல்லுங்கள். சான்றாகப் போட முடியாது, ஆனால் அதற்குப் பிறகு அவன் எழுதும் பத்தி வேறு மாதிரி இருக்கும்.

இன்னொரு நாளையும் தாளில் ஏற்றிவிடுங்கள்: 1783 ஜனவரி 20. வெர்சாய்ல்ஸில் பிரிட்டனும் பிரான்சும் சமாதானத்துக்கான முதற்கட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள். கடலூர்ச் சண்டை ஜூன் 20. ஒப்பந்தம் போட்டுச் சரியாக ஐந்து மாதம் கழித்துத்தான் இந்தச் சண்டையே நடந்திருக்கிறது. செய்தி இங்கே வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். கட்டுரையில் இது எங்கேயும் இல்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு சிவப்புப் பேனாவைத் திறக்கலாம். ‘கடற்ப்போர்’ என்று எட்டு இடத்தில் இருக்கிறது சார்.