வோட்வில் நகைச்சுவையாளர்கள் தொடக்ககால வானொலியில் ஏன் திணறினார்கள்?

வோட்வில் என்பது பாட்டு, ஆட்டம், வித்தை, நகைச்சுவை ஆகியவற்றைச் சிறு உருப்படிகளாக அடுக்கி, அமெரிக்க நகரங்கள்தோறும் சுற்றிவந்த மேடைக் கதம்பம். ஒரே உருப்படியை ஆண்டுக்கணக்கில் ஊர் மாற்றி நடத்திப் பிழைத்தவர்களிடம், நாடு முழுவதும் ஒரே இரவில் ஒலித்துவிடும் வானொலி வாரந்தோறும் புதிய நகைச்சுவையைக் கேட்டது. ஊர் ஊராக ஒரே விருந்தைச் சமைத்தவர், ஒரே வீட்டுக்கு நாள்தோறும் சமைக்க நேர்ந்தது போன்ற நிலை அது.

சிரிப்பொலி எழாத அமைதி அதைவிடக் கொடியது. 1922இல் தம் மேடை நிகழ்ச்சியை நியூவார்க் நிலையத்திலிருந்து ஒலிபரப்பிய வோட்வில் நகைச்சுவையாளர் எட் வின், சிரிக்க ஆளின்றித் தடுமாறி, நிலையத்தில் இருந்தவர்களையே கூட்டி உட்காரவைத்தார் என்பர். 1932இல் டெக்சகோ எண்ணெய் நிறுவனத்தின் வானொலி நிகழ்ச்சிக்கு வந்தபோதோ, வானொலி நேயர் காணவே முடியாத வேடத்தை அணிந்து, பார்வையாளர் முன்னிலையிலேயே நடித்தார்; வேடிக்கையாகத் தோன்றினாலும், இடைவெளி அறிந்து பேச எதிரே முகங்கள் வேண்டுமல்லவா?

வோட்வில்லை வானொலி மட்டுமே அழித்ததாகப் பலர் எண்ணினாலும், பேசும் படமும் 1929க்குப் பிந்தைய பொருளாதார வீழ்ச்சியும் அதில் பெரும்பங்கு வகித்தன.