காளங்கி ஆறு வழியாகப் பழவேற்காடு ஏரிக்குப் போகும் கழிவுநீர்: கேள்வி பதில்

சூலூர்பேட்டை, தடா, ஆரம்பாக்கம் பக்கத்து நம்மவர்கள் கேட்ட கேள்விகள் இவை. கழிவுநீர் நிலையங்களில் பல வருடம் வேலை பார்த்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

சூலூர்பேட்டையிலிருந்து: அண்ணா, சுத்திகரித்த தண்ணீர் தெளிவாக இருந்தால் காளங்கி ஆற்றில் விடலாம்தானே?

தெளிவை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீர், இன்னொன்றில் மழைத் தண்ணீர் பிடியுங்கள். இரண்டிலும் ஒரு கரண்டி ஆற்றுத் தண்ணீர் கலந்து மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். பத்து நாள் போல ஆனால் முதல் பாட்டில் பச்சை பிடித்துவிடும், மழைத் தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கரைந்திருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் செய்கிற வேலை அது. சாதாரண நிலையத்தில் பாக்டீரியா தின்பது கரிமக் கழிவைத்தான். இந்த இரண்டிலும் பெரும்பங்கு தப்பி வெளியே வந்துவிடும்.

2017-இல் மத்திய அரசு அறிவித்த விதியில் பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு பி.ஓ.டி., அதாவது கரிமக் கழிவைத் தின்ன பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவு, லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இருக்கலாம். நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் அதில் அளவே இல்லை. ஆக, அந்த விதிப்படி 'பாஸ்' ஆன தண்ணீரும் ஏரிக்கு உரமாகத்தான் போய்ச் சேரும். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மண் மூடினால் தண்ணீர் தேங்கும், பாசி பெருகும். இரவில் பாசியும் மூச்சு விடுவதால் ஆக்ஸிஜன் குறையும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஏரிக்கரை மீனவர் ஒருவர்: தம்பி, குளோரின் போட்டு விட்டால் போதாதா?

வேண்டாம் ஐயா. கிருமி சாகும், மிச்சம் நிற்கும் குளோரினில் இறால் குஞ்சும் சாகும். ஆழம் குறைந்த குட்டையில் சில நாள் வெயில் காய வைத்தாலே கிருமி வெகுவாகக் குறையும்.

ஆரம்பாக்கத்திலிருந்து: அடிக்கடி கரண்ட் போகிற சிறிய ஊருக்கு எந்த முறை சரி?

பத்தாயிரம் பேர் இருக்கிற ஊர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 135 லிட்டர் குடிநீர் கொடுத்தால் அதில் 80 சதவீதம் கழிவாகும், நாளுக்கு 10.8 லட்சம் லிட்டர். கரண்ட் போய்க் காற்று ஊதும் மெஷின் நின்றால், கழிவைத் தின்னும் பாக்டீரியா ஆக்ஸிஜன் இல்லாமல் தவித்துப்போகும். வாங்கும்போது எல்லோரும் மெஷினைப் பார்க்கிறார்கள், மாதா மாதம் வரும் கரண்ட் பில்லைப் பார்ப்பதில்லை. ஏக்கர் கணக்கில் இடம் இருந்தால் அடுத்தடுத்து குட்டைகள், கடைசியில் சம்பு அல்லது கல்வாழை நட்ட சரளைப் படுகை, இதுதான் என் தேர்வு. அப்புறம் அந்தத் தண்ணீரை மாட்டுத் தீவனப் புல்லுக்குப் பாய்ச்சுங்கள். ஏரியில் பாசி வளர்க்கும் சத்து அங்கே புல்லை வளர்க்கும்.

தடாவிலிருந்து ஒரு அக்கா: எங்கள் செப்டிக் டேங்க் 12 வருடமாக நிரம்பவே இல்லை. நல்லதுதானே?

இல்லை அக்கா. ஒழுங்கான டேங்கில் தண்ணீர் எப்போதும் வெளிக்குழாய் மட்டத்தில் நிற்கும். மட்டம் ஏறவே இல்லை என்றால் அடிப்பக்கம் பூசாமல் விட்டிருக்கலாம். மணல் பூமி, மேலேயே நிலத்தடி நீர், பக்கத்திலேயே கிணறு. எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள்.

நீளமான கம்பில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, டேங்க் அடி வரை விட்டு, கொஞ்ச நேரம் வைத்து மெதுவாக எடுங்கள். கறுப்பு ஒட்டிய உயரம்தான் கசடு. தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் எடுக்க வேண்டும். பொதுவாக 2, 3 வருடத்துக்கு ஒரு தடவை. மூடியைத் திறந்ததும் குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள், வாயு ஆளைச் சாய்த்துவிடும். எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், போகிறது ஓர் உயிர்.

லாரி வரும்போது "எங்கே கொட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். ராத்திரியில் ஓடையில் திறந்துவிடும் ஒரு லாரிக் கசடு, வடிகட்டாத சாக்கடையை விடப் பல மடங்கு கெட்டியானது. சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரைச் சொல்லத் தயங்கினால் வேறு லாரியைக் கூப்பிடுங்கள், அக்கம்பக்கத்திலும் சொல்லி வையுங்கள்.