வீட்டில் வாட்டர் ஃபில்டர் வைப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா?

எங்கள் வீட்டில் உண்டு. உங்கள் வீட்டிலும் உண்டா என்றால், குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்று முதலில் கேட்பேன்.

நான் இருப்பது ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம். இங்கே வீட்டுக்கு இரண்டு தண்ணீர். போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் நன்றாக இருக்கும், ஆனால் அது வருகிற நாளில்தான் வரும். என் அத்தை (வீட்டுக்காரரின் அம்மா) கல்யாணமாகி வந்த புதிதில் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்களாம். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம் என்பதால் துவரம்பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் குழையாது. பருப்புக்கும் டீக்கும் என்று 40 ரூபாய்க்கு கேன் வாங்கிக் கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஃபில்டர் விற்க ஒரு தம்பி வந்தார். ஒரு டம்ளரில் எங்கள் காவிரித் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஃபில்டர் தண்ணீர். இரண்டிலும் கம்பி வைத்த ஒரு கருவியை இறக்கி கரண்ட் கொடுத்தார். எங்கள் தண்ணீர் நிமிடத்தில் சாக்கடை நிறம்! "இதைத்தான்க்கா குடிக்கிறீங்க" என்றார். அத்தை பயந்தே போய்விட்டார். எனக்கு எங்கேயோ இடித்தது. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி இறக்கச் சொன்னேன். அதுவும் அதே நிறம். தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், அந்த இரும்புக் கம்பி கரைந்து துருவாக வெளியே வரும். அழுக்கு தண்ணீரில் இல்லை, கம்பியில்தான். தம்பி டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அப்புறம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன், சில நூறு ரூபாய்தான். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் போர் தண்ணீர் 1,700, காவிரி 300 காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஆக, காவிரித் தண்ணீருக்கு ஆர்ஓ (மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஃபில்டர்) தண்டம். அது டிரம்மில் நாலைந்து நாள் கிடப்பதால் கிருமிதான் கவலை. அதற்கு யூவி (புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் ஃபில்டர்) போதும், இல்லையென்றால் தளதளவென்று கொதிக்க வைத்தாலே போதும். உப்போ கொதிக்க வைத்தாலும் போகாது, யூவியிலும் போகாது. போர் தண்ணீரைக் குடித்தே ஆக வேண்டும் என்றால் ஆர்ஓ ஒன்றுதான் வழி. மீட்டர் உப்பை மட்டும்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. எண் குறைவாக இருக்கிறதே என்று அப்படியே குடித்துவிடாதீர்கள்.

நாங்கள் ஆர்ஓ வைத்து மூன்று வருடம். கேன் செலவு நின்றது, பருப்பு வேகிறது. ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவாக ஓடுகிறது. தண்ணீருக்குத் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிப் போன ஊரில் இதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. வாளியில் பிடித்து வாசல் கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்கிறோம். செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். நான் ஊற்றி ஒரு கறிவேப்பிலைக் கன்று கருகிப் போனது. எங்கள் தண்ணீருக்கு மெம்பரேனும் (அந்தச் சவ்வு) ஒன்றரை வருடத்திலேயே அடைத்துக்கொண்டது, அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

காவிரி வருகிற நாளில் அத்தை மட்டும் இன்னும் ஒரு குடம் தனியாகப் பிடித்து, காய்ச்சி வைத்துக்கொள்கிறார். ஃபில்டர் தண்ணீர் சப்பென்று இருக்கிறதாம்.