நெடும்பயண பைக்: சொந்தக் கையால் பராமரிப்பு – பெங்களூர்த் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் வாழும் தமிழ் நண்பர்கள் பலர், ஊருக்குப் போய்வரவும் மலைப்பாதைகளில் நெடும்பயணம் செல்லவும் வைத்திருக்கும் வண்டிகளைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். செயின் தொய்வு, காற்றழுத்தம், போல்ட்டின் இறுக்கம் ஆகிய அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், அவற்றை அவரவர் வண்டியுடன் தரப்பட்ட கையேட்டில் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கார்த்திக், எலெக்ட்ரானிக் சிட்டி: அண்ணா, என்னுடையது ஹிமாலயன் 411. நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் அடித்தளத்தில் தண்ணீர் விட்டுக் கழுவச் சங்கத்தார் அனுமதிப்பதில்லை. செயினை எப்படிச் சுத்தம் செய்வது? எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

செயினுக்குத் தண்ணீர் தேவையே இல்லை, தம்பி. கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது கடையில் கிடைக்கும் செயின் கிளீனர், பழைய பல் துலக்கும் பிரஷ், இரண்டு பழந்துணிகள், தரையில் விரிக்க ஓர் அட்டைப்பெட்டித் துண்டு ஆகியவை போதும். உங்கள் வண்டிக்கு சென்டர் ஸ்டாண்ட் இருப்பதால் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துவது எளிது. என்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்றுங்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்து என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினில் துணியைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட் என்னும் பற்சக்கரத்துக்குள் போய்விடும் என்பதால் அந்த வழக்கத்தை எந்தச் சூழ்நிலையிலும் பின்பற்றாதீர்கள்.

இப்போதைய நெடும்பயண வண்டிகளில் பெரும்பாலும் ஓ-ரிங் செயின்தான் வருகிறது. ஒவ்வொரு கண்ணியின் உள்ளேயும் தயாரிப்பாளர் வைத்த கிரீஸை இந்தச் சிறு ரப்பர் வளையங்களே காக்கின்றன. பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அவற்றைக் கெடுத்துவிடும். வளையம் போனால் கிரீஸும் போய்விடும், பிறகு வெளியிலிருந்து எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பயனில்லை. சுத்தம் செய்து துடைத்தபின் 90 எண் கியர் ஆயிலையோ செயின் லூபையோ செயினின் உட்பக்கமாக இட்டுச் சில மணி நேரம் ஊறவிட்டு, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். வண்டி ஓடி முடித்து, செயின் இளஞ்சூடாக இருக்கும்போது செய்தால் எண்ணெய் நன்றாக இறங்கும். சாதாரண நாட்களில் ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதுமானது. மழையில் ஓட்டினால் அன்று மாலையே செய்வது நல்லது.

தொய்வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீட்டில் வேலை செய்பவர்கள் செயினை அளவுக்கு மேல் இறுக்கிவிடுவதைத்தான் நான் அதிகமாகப் பார்க்கிறேன். பின்னால் ஒருவரும் இரண்டு பைகளும் ஏறி, வண்டி ஒரு வேகத்தடையில் அமுங்கும்போது கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. அதற்கு இடம் கொடுக்கவே அந்தத் தொய்வு. அது இல்லாவிட்டால் இழுவை முழுவதும் கியர்பாக்ஸின் வெளிப்பக்க பேரிங்கின் மேல் விழும். செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நீள்வதில்லை. ஆகவே சக்கரத்தை மெல்லச் சுற்றி, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளந்து, கையேட்டின் அளவுக்கு வையுங்கள். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கத்தில் செயினை விரலால் இழுத்துப் பார்க்கும்போது பல்லில் பாதி வெளியே தெரிந்தால், செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

செல்வி, ஒயிட்ஃபீல்டு: ஐயா, திம்பம் மலையில் இறங்கும்போது பாதி வழியில் முன் பிரேக் லீவர் பஞ்சு போல உள்ளே போக ஆரம்பித்தது. சிறிது நேரம் நிறுத்திவிட்டு எடுத்தபோது சரியாகிவிட்டது. இதை அலட்சியப்படுத்தலாமா?

அலட்சியப்படுத்தக் கூடாது, அம்மா. நீங்கள் வண்டியை நிறுத்தியது மிகச் சரியான முடிவு. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கியதால் பிரேக் ஆயில் கொதித்திருக்க வேண்டும் என்று உங்கள் விவரத்திலிருந்து கருதுகிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலைக்கு வரையறுத்த அளவோ 155 டிகிரிதான். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. திரவம் அழுத்தத்துக்கு விட்டுக்கொடுக்காது, ஆவி விட்டுக்கொடுக்கும். அதனால்தான் நீங்கள் லீவரை அழுத்தியும் விசை, டிஸ்க்கைப் பிடிக்கும் பேடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் எல்லாம் சரியானது போலத் தோன்றும், ஆனால் ஈரம் உள்ளேதான் இருக்கிறது.

ஆயில் மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால், வண்டி எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும், அடுத்த பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். எந்த வகை என்பது ஆயில் தொட்டியின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சிலிக்கானால் ஆன டாட் 5 ஆயிலை டாட் 4 இருக்கும் இடத்தில் ஊற்றவே கூடாது. பேடுகளின் தடிமனை டார்ச் வெளிச்சத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் ஆயிலை மாற்றிக் காற்றை வெளியேற்றும் வேலையை, அதுவும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில், தெரிந்தவர் ஒருவர் அருகிலிருந்து கற்றுக்கொடுக்காமல் முதன்முறையாகத் தனியே செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செயினில் தவறு நேர்ந்தால் வண்டி பெரும்பாலும் சத்தம் எழுப்பி முன்கூட்டியே எச்சரிக்கும். பிரேக்கில் நேர்ந்த தவறு, பிடிக்க வேண்டிய தருணத்தில்தான் தெரியவரும். மலையிறக்கத்தில் எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்குங்கள். என்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, பிறகு முழுவதுமாக விட்டுவிட்டால் டிஸ்க் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும்.

இம்ரான், சிவாஜி நகர்: காருக்கு வாங்கிய நல்ல சிந்தெடிக் ஆயில் ஒரு லிட்டர் மீதமிருக்கிறது. பைக்கில் ஊற்றலாமா?

வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே மூழ்கி இருக்கின்றன. எரிபொருளைச் சேமிப்பதற்காகக் கார் ஆயில்கள் பலவற்றில் சேர்க்கப்படும் உராய்வு குறைப்பான்கள் கிளட்சை வழுக்கச் செய்துவிடும். உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்ட கிரேடில், டப்பாவின் மேல் ஜாஸோ (JASO) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற பைக் ஆயில் தரக் குறியீடு அச்சிட்ட ஆயிலையே வாங்குங்கள்.

பிரபு, கே.ஆர்.புரம்: இரவுப் பயணத்துக்காக இரண்டு எல்.இ.டி. துணை விளக்குகள் போட்டேன். அதற்குப் பிறகு காலையில் செல்ஃப் எடுக்கத் தடுமாறுகிறது. பேட்டரி போய்விட்டதா?

மாற்றுவதற்கு முன், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகவும் மலிவானது. இரவு முழுவதும் ஓய்வில் இருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டினால் நன்றாக சார்ஜ் ஆகியிருக்கிறது என்று பொருள். என்ஜினை ஓடவிட்டு வேகத்தைச் சற்றுக் கூட்டும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் சார்ஜிங்கில் குறை இருக்கிறது, புதிய பேட்டரியும் சில வாரங்களில் இதே நிலைக்கு வந்துவிடும்.

ஆனால் உங்கள் கேள்வியில் உள்ள காலவரிசை விளக்குகளையே காட்டுகிறது. தலா 40 வாட் என்றால் இரண்டும் சேர்ந்து ஆறரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் பல வண்டிகள் அதைத் தாங்கும். சில்க் போர்டு சந்திப்பில் ஐட்லிங்கில் நின்றுகொண்டிருக்கும்போது மின் உற்பத்தி குறைந்துவிடுவதால் மீதியைப் பேட்டரிதான் தர வேண்டியிருக்கிறது. அடுத்ததாக, விளக்கின் இணைப்பைப் பாருங்கள். ரிலேயும் ஃபியூஸும் வைத்து, சாவியை அணைத்தால் அணையும்படி இணைத்திருக்க வேண்டும். நேரடியாகப் பேட்டரியில் கட்டியிருந்தால், விளக்கை அணைத்த பிறகும் மொபைல் சார்ஜர் போன்றவை சிறிது சிறிதாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது முதலில் பாசிட்டிவ் என்ற வரிசையை மாற்றாதீர்கள். நகருக்குள் அந்த விளக்குகளை எரிக்க வேண்டாம். எதிரே வருபவரின் கண்ணை மறைப்பது பெருந்தவறு. காவல்துறை வழக்குப் போடவும் கூடும்.

ஜெயந்தி, அல்சூர்: என் கணவரின் பழைய தண்டர்பேர்டு 350 மாதத்தில் ஒருமுறைதான் வெளியே வருகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலால் கெடுதல் உண்டா?

கார்புரேட்டர் உள்ள பழைய வண்டி, அதிலும் நின்றே கிடக்கும் வண்டி என்பதால் கவனம் தேவைதான். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அதை எதிர்பார்த்துத் தயாரிக்கப்படாத ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் நாளடைவில் பாதிக்கக்கூடும். பெட்ரோல் குழாயை விரலால் அழுத்திப் பார்த்து, வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள், அதற்குச் சிறு தொகைதான் ஆகும். சில வாரங்கள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வால்வை மூடி, என்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெரும்பகுதி காலியாகிவிடும். மைலேஜ் சற்றுக் குறைந்தால் அது கோளாறு என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு அளவு, எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு.

சரவணன், பொம்மனஹள்ளி: சேலம் வழியாக ஊருக்குப் போகிறேன். பஞ்சர் கிட் ஒன்று வாங்கினால் போதுமா? சாலையில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் உங்கள் சக்கரத்தைப் பாருங்கள். அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் என்றால், குச்சி போன்ற ரப்பர் பிளக் உள்ள கிட்டும் ஒரு சிறிய காற்றடிக்கும் பம்பும் போதும். ஸ்போக்ஸ் கம்பிகள் உள்ள சக்கரங்களில் பெரும்பாலும் டியூப்தான் இருக்கும். அங்கே அந்த கிட்டால் ஒரு பயனும் இல்லை. டயர் லீவர், மாற்று டியூப், சக்கரத்தைக் கழற்றும் ஸ்பேனர் ஆகிய மூன்றும் வேண்டும். அதைவிட முக்கியமாக, வீட்டில் ஒருமுறையாவது சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

காற்றழுத்தத்தைப் புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே சரிபாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் (தரையைப் பிடிக்கும் மேற்பரப்புப் புடைப்புகள்) நன்றாக இருந்தாலும், பக்கவாட்டில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்த பழைய டயரை நம்பி நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம்.

சாலையைப் பொறுத்தவரை தருமபுரியைத் தாண்டியதும் வரும் தொப்பூர்க் கணவாய்தான் என் கவலை. சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னே செல்லும் வாகனங்கள் மீது மோதிய விபத்துகள் பல நடந்திருக்கின்றன. ஆகவே அந்தப் பகுதியில் கண்ணாடியை அடிக்கடி பாருங்கள்; கனரக வண்டிக்கு நேர் முன்னால் நீண்ட நேரம் செல்லாதீர்கள்; அதற்கு வழிவிட்டுப் பின்னால் வருவதே பாதுகாப்பு.

டேவிட், மாரத்தஹள்ளி: மைசூர் வழியாக ஊட்டிக்குக் கிளம்புகிறோம். ஏதேனும் தடை உண்டா?

பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையின் முக்கியப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சர்வீஸ் சாலையில்தான் செல்ல வேண்டும். பந்திப்பூர்க் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். நீலகிரிக்கு 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் அதன் இப்போதைய நிலையைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். மசினகுடியிலிருந்து ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, புதியவர்களுக்கு நான் கூடலூர்ப் பாதையையே சொல்வேன்.

மீனாட்சி, பி.டி.எம். லேஅவுட்: அண்ணா, தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டியை இங்கே எவ்வளவு காலம் ஓட்டலாம்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஊரிலுள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெற்று, இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டியிருக்கும். பயணத்தில் உரிமமும் ஆர்.சி.யும் டிஜிலாக்கரில் இருந்தாலே செல்லும். இன்ஷூரன்ஸ் காலாவதி ஆகிவிடவில்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அருண், ஓசூர்: நெடும்பயணத்துக்குக் கருவிப்பையில் என்னென்ன வைக்கலாம்?

பட்டியலை வேறொருவரிடமிருந்து வாங்காதீர்கள், தம்பி. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, செயினைச் சரிசெய்வது, கண்ணாடிகளையும் லீவர்களையும் இறுக்குவது, ஃபியூஸ் மாற்றுவது, பேட்டரி முனைகளை இறுக்குவது ஆகிய வேலைகளை வீட்டிலேயே செய்து, எந்தெந்த ஸ்பேனரும் ஆலன் கீயும் கைக்கு வந்தனவோ அவற்றை மட்டும் பையில் எடுத்து வையுங்கள். அதனுடன் மாற்று ஃபியூஸ்கள், கேபிள் டை, இன்சுலேஷன் டேப், சிறிது கம்பி, தலையில் மாட்டும் டார்ச், ஒரு ஜோடி ரப்பர் கையுறை ஆகியவை இருக்கட்டும். வண்டியில் கிளட்ச் கேபிள் இருந்தால், புதிய கேபிள் ஒன்றைப் பழைய கேபிள் போகும் வழியிலேயே இணையாகச் செலுத்தி, இரு முனைகளையும் டேப்பால் மூடிக் கட்டிவிடுங்கள். வழியில் அறுந்தால் டேங்கைக் கழற்றாமல் முனைகளை மட்டும் மாற்றிக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம்.